இரண்டாம் தடவை நடந்த கல்யாணம்

ஹெஸ்டர் கையெழுத்துப் போட்டது பன்றிக் கொட்டகை வாசலில். ஒரு கையில் தீவன வாளி, இன்னொரு கையில் அக்கா லவினியா நீட்டிய பேனா. தாளை வைக்க வேறு இடம் இல்லாததால் டிராக்டரின் என்ஜின் மூடிமேல் விரித்து எழுதினாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"இதோட நீ சீமாட்டி ஆயிடுவியா, வின்னி?"

"இல்ல. இது உன் சம்மதம் மட்டும்தான். இனிமே ராணிக்கு மனு போகணும். அவங்க மனசு வைக்கணும்."

"அப்ப அவங்ககிட்ட சொல்லிவை, இந்தப் பக்கம் வந்தா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வரச்சொல்லு. சேறு முழங்கால் வரைக்கும் கிடக்கு."

லவினியா சிரிக்கவில்லை. பட்டம் சம்பந்தப்பட்ட எதற்கும் அவளுக்குச் சிரிப்பு வராது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தன் பழைய மோரிஸ் காரில் ஏறி மால்ட்டனுக்குத் திரும்பினாள்.

அவர்களுடைய அப்பா, கெல்டன் பிரபு, இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள்தான். இங்கிலாந்தில் பெரும்பாலான பட்டங்கள் இப்படிப்பட்ட இடத்தில் செத்துப்போகும், அல்லது எங்கேயோ இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா மகனைத் தேடிப் போய்விடும். கெல்டன் பட்டம் அந்த ஜாதி இல்லை. அறுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அரசர், ஏதோ ஒரு சண்டைக்கு ஆள் வேண்டும் என்று, கெல்டன் ஊர் ஏவரில் என்ற அவர்களுடைய முன்னோரைத் தன் சபைக்கு வந்து உட்காரும்படி கூப்பிட்டு அனுப்பினார். ஏவரில் போகிற வழியில் குதிரையோடு ஊஸ் ஆற்றில் விழுந்து, தாமதமாய்ப் போய்ச் சேர்ந்து, ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அந்த ஒரு நாள் போதும். அவர் வழி வந்த வம்சம் இருக்கும்வரை பட்டம் இருக்கும். பெண்ணுக்கும் வரும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். மகன்கள் என்றால் மூத்தவனுக்குப் போகும். மகள்களில் மூத்தவள் இளையவள் கிடையாது. எல்லாருக்கும் சமபங்கு. பட்டத்தையோ கேக் மாதிரி வெட்ட முடியாது. அதனால் இரண்டு பெண்கள் இருந்தால் இருவருக்குமே கிடைக்காது. நடுவில் கிடந்து தூங்கும். ஒருத்தியின் வம்சம் அற்றுப்போகவேண்டும், அல்லது ராணியாகப் பார்த்து ஒருத்தியின் பெயரைச் சொல்லி எழுப்பவேண்டும். முன்பு ஒரு தடவை மூன்று சகோதரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எண்பது வருஷம் தூங்கியிருக்கிறது.

இதெல்லாம் லவினியாவுக்கு மனப்பாடம். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, மால்ட்டனில் பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திர டீச்சர். அப்பா இருந்தபோதே கெல்டன் மாளிகை வரிக்காக விற்கப்பட்டு விவசாயக் கல்லூரி ஆகிவிட்டது. நுழைவாயில் ஓரத்துக் காவல் வீடு மட்டும் மிஞ்சியது. அதில்தான் குடியிருந்தாள். ஹெஸ்டர் ஆறு வயது இளையவள். டிரிஃபீல்டு பக்கம் டெட் ராம்ஸ்டன் என்கிற பன்றிப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளைகளோடு சந்தோஷமாக இருந்தாள். பட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கொட்டாவி விடுவாள்.

அதில்தான் லவினியாவுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு புதிர். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெஸ்டரைத்தான் கையைப் பிடித்து மாளிகையின் நீளக் கூடத்துக்கு அழைத்துப்போவார். சுவரில் வரிசையாகத் தொங்கிய முன்னோர் படங்களைக் காட்டி, யார் யாரைக் கட்டினார்கள், யார் தலை போயிற்று, யார் தப்பித்தார்கள் என்று சொல்வார். ஹெஸ்டர் ஜன்னலுக்கு வெளியே குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லவினியா கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்து ஒவ்வொரு பெயரையும் விழுங்குவாள். கேட்க ஆசைப்படுகிறவளை விட்டுவிட்டு, கேட்காதவளுக்கு ஏன் சொன்னார்? அப்பாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வந்ததே இல்லை.

மனுவைக் கையிலெடுத்திருந்தவர் யார்க் நகரத்து வக்கீல் லிண்டாப். வம்ச வழக்குகளில் ஊறியவர், எலும்பும் தோலுமான மனிதர், எந்நேரமும் புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பார். பட்டம் கேட்பவர் தன்னிலிருந்து ஆரம்பித்து முதல் ஏவரில் வரைக்கும் ஒவ்வொரு கல்யாணத்தையும் ஒவ்வொரு பிறப்பையும் நிரூபிக்க வேண்டும். ஆற்றில் விழுந்தவர் காலத்தில்தான் தகராறு வரும் என்று லவினியா பயந்துகொண்டிருந்தாள். லிண்டாப் அவளைக் கூப்பிட்டனுப்பியபோது, அந்தப் பக்கமெல்லாம் ஒழுங்காக இருப்பதாகவும், தகராறு மிகக் கிட்டத்தில் இருப்பதாகவும் சொன்னார். அவள் அப்பா அம்மா கல்யாணத்தில்.

"கல்யாணம் நடந்ததுக்கு ஊரே சாட்சி" என்றாள் லவினியா. "கெல்டன் தேவாலயத்துல. போட்டோகூட இருக்கு."

"இருபத்தேழாம் வருஷம், ஜூன். அதுல சந்தேகமே இல்ல, மிஸ் ஏவரில். ஆனா முப்பத்திரண்டு அக்டோபர்ல மறுபடியும் பண்ணிக்கிட்டிருக்காங்க. ஸ்கார்பரோ பதிவாளர் ஆபீஸ்ல. அதே ஆள், அதே பொண்ணு." அவர் மிட்டாயைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார். "உங்க அம்மா கல்யாணம் ஆகாதவங்கன்னு போட்டிருக்காங்க. உங்க அப்பா, மனைவியை இழந்தவர்னு போட்டிருக்கார்."

லவினியாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்திரண்டில் அம்மா உயிரோடு அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, அவர் எந்த மனைவியை இழந்தார்? அப்புறம் கணக்குப் போட்டாள். தான் பிறந்தது இருபத்தெட்டில். ஹெஸ்டர் முப்பத்து நான்கில். சிரிப்பு நின்றுவிட்டது.

லிண்டாப் நல்ல மனிதர். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம், காரணம் கேட்க யாரும் வரமாட்டார்கள், தன் குமாஸ்தா வாய் திறக்க மாட்டான் என்றார். தூங்குகிற பட்டம் தூங்கட்டும் என்றார். லவினியா அந்த ஸ்கார்பரோ கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்று கேட்டாள். ஒருவர் எப்போதோ செத்துப்போன குமாஸ்தா. இன்னொருத்தி நோரா பெக்வித். லவினியாவை வளர்த்த ஆயா.

நோரா ஏவரில் வீட்டை விட்டுப் போய் மீன் வியாபாரி ஒருவரைக் கட்டி, அவரும் போனபின், ஸ்கார்பரோவில் வடக்குக் கடற்கரையைப் பார்த்த மாதிரி ஒரு தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். லவினியா போனது மார்ச் மாதம். விடுதியில் ஓர் ஆள்கூட இல்லை. நோரா ஏணி போட்டு முன்னறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. லவினியா சுற்றி வளைக்காமல் விஷயத்தைக் கேட்டாள். நோரா ஏணியிலிருந்து இறங்கி, பிரஷ்ஷை வாளியில் போட்டாள்.

"நீயும்தான் கல்யாணத்துக்கு வந்திருந்த, கண்ணு. ஞாபகம் இல்லையா? பதிவாளர் மேஜையில இருந்த மைக்கூட்டைக் கவுத்துவிட்ட. உங்க அம்மா கையுறையெல்லாம் மை. அதோடயே கையெழுத்துப் போட்டாங்க."

லவினியாவுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கழுதை மேல் உட்காரவைத்துக் கடற்கரையில் ஒரு தடவை சவாரி கூட்டிப்போனது மட்டும் நினைவிருந்தது. அதே நாள்தான் என்றாள் நோரா. அழாமல் இருப்பதற்காகக் கூட்டிப்போனதாம். யார் அழாமல் இருப்பதற்கு என்று லவினியா கேட்டாள். உங்க அம்மாதான், உன்னைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது அவங்களுக்கு என்றாள் நோரா.

பிறகு டீ போட்டுக்கொண்டே முழுக்கச் சொன்னாள். முதல் மகா யுத்தத்தில் கால் உடைந்து விட்பி ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்தொரு வயது பையன், அவளுடைய அப்பா, ஆனி ஸ்டார் என்கிற மீனவப் பெண்ணைக் காதலித்து, வீட்டுக்குச் சொல்லாமல் தேவாலயத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். கால் சரியானதும் மறுபடியும் பிரான்ஸுக்குப் போய்விட்டான். அவன் அங்கே சேற்றில் இருந்தபோது, தாத்தாவுக்கு, அப்போதைய கெல்டன் பிரபுவுக்கு, விஷயம் தெரிந்தது. அவர் நேரே விட்பிக்குப் போனார். என்ன பேசினாரோ, என்ன கொடுத்தாரோ, ஆனி கப்பலேறிக் கனடா போய்விட்டாள். மகனுக்கு அவள் விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று செய்தி போயிற்று. அந்த வருஷம் அந்தக் காய்ச்சலில் வீட்டுக்கு ஒரு ஆள் போய்க்கொண்டிருந்த காலம். அவன் நம்பினான், அழுதான். பல வருஷம் கழித்து, தாத்தாவும் கண்ணை மூடியபின், லவினியாவின் அம்மாவைக் கண்டு, ஊர் கூட்டிக் கல்யாணம் செய்துகொண்டான்.

"முப்பத்திரண்டுல, இலை கொட்டற சமயம், ஒரு ஆள் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்னான். மாத்யூ ஸ்டார். நான் உனக்குப் பால் காய்ச்சிட்டிருந்தேன். பிரபுவைப் பார்க்கணும்னான். உங்க அப்பா இறங்கி வந்தார். 'என் தங்கச்சி வசந்த காலத்துல செத்துப்போயிட்டா, கனடாவுல, ஹாலிஃபாக்ஸ்ல'ன்னான். உங்க அப்பா எந்தத் தங்கச்சின்னு கேட்டார். 'ஆனிதான். இப்ப நிஜமாவே செத்துட்டேன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா'ன்னான். உங்க அப்பா அப்படியே உருளைக்கிழங்கு மூட்டை மேல உட்கார்ந்துட்டார்."

லவினியா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் பிறந்தப்போ அந்தப் பொண்ணு உயிரோட இருந்திருக்கா."

"இருந்திருக்கா."

"அப்ப அப்பா அம்மா முதல்ல பண்ணிக்கிட்டது கல்யாணமே இல்ல."

நோரா அவள் கோப்பையில் மறுபடியும் டீ ஊற்றினாள். அப்பாவுக்கு அதற்கப்புறம் லவினியாவின் முகத்தை நேராகப் பார்க்கவே முடியவில்லை என்றாள். ஆசை இல்லாமல் இல்லை, குற்ற உணர்ச்சி. முறைப்படி ஒரு பையன் பிறப்பான் என்று பார்த்தார்கள். ஹெஸ்டர் பிறந்தாள். அதற்கப்புறம் பிறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் புதிர் அங்கே, வெள்ளையடித்த வாசனை வீசிய அந்த முன்னறையில், அவிழ்ந்துவிட்டது. கேட்க ஆசையில்லாத பெண்ணுக்கு அவர் சொன்னது, அவளுக்கு மட்டும்தான் அது சேரும் என்று தெரிந்ததால். லவினியாவுக்கு வலித்தது. ஆனால் வலியோடு கூடவே, வகுப்பில் ஒரு தேதி சரியான இடத்தில் போய் உட்காரும்போது வருமே, அந்தத் திருப்தியும் வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

லிண்டாப் சட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. கல்யாணம் செல்லாது என்று தெரியாமல் நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. அதன்படி லவினியா எல்லாவற்றுக்கும் அப்பாவின் சட்டபூர்வமான மகள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இல்லை. பட்டங்கள் விஷயத்தில், அந்தச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று பார்லிமெண்டே எழுதிவைத்துவிட்டது.

"அதாவது பட்டம் தூங்கவே இல்ல, மிஸ் ஏவரில். உங்க அப்பா போன நிமிஷமே உங்க தங்கச்சிக்குப் போயிடுச்சு. அவங்களுக்குத்தான் தெரியாது."

டிரிஃபீல்டுக்குப் போகும் வழியில், மழையில், நாற்சந்தி ஒன்றில் லவினியா காரை ஓரமாக நிறுத்தினாள். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தனக்குப் பிள்ளை குட்டி இல்லை. தான் போனபின் ஊர் வழக்கப்படி பார்த்தாலும் பட்டம் ஹெஸ்டர் பக்கம்தான் எழுந்திருக்கும். ஹெஸ்டருக்கோ அது வேண்டவே வேண்டாம். அம்மாவின் பெயரும் கெடாது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொள்வதுதான் நியாயமாகத் தெரிந்தது. ஆனால் அந்த நியாயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே அரித்தது. இதைக் கேட்டால் ஹெஸ்டரின் முகம் எப்படி மாறும் என்று பார்க்கவேண்டும். அந்த ஆசையை அவளால் அடக்க முடியவில்லை. காரைக் கிளப்பினாள்.

ஹெஸ்டரின் சமையலறையில் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை. டெட் ஈரக் காலுறையை அடுப்புக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். லவினியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வகுப்பில் சொல்வது மாதிரி, முதலிலிருந்து வரிசையாக. முடித்ததும் ஹெஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா நான் சீமாட்டியா இருந்திருக்கேனா? பன்னிக்கு ஊசி போட்டப்ப, அது என்னைச் சாணிக்குள்ள தள்ளிவிட்டப்ப, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"சீமாட்டி, இறைச்சி கருகுது" என்றான் டெட்.

ஹெஸ்டர் சட்டியை இறக்கிவைத்தாள். திரும்பி நின்றபோது சிரிப்பு போயிருந்தது. அப்பா அந்தப் படங்களை எல்லாம் காட்டியது இதற்காகத்தானா என்று கேட்டாள். லவினியா தலையாட்டினாள்.

"நான் பையனாப் பிறக்கலைன்னு எனக்கு அது தண்டனைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் ஹெஸ்டர். பிறகு, அந்தப் பேச்சை விடு, பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அம்மாவை ஏன் செத்தபிறகு சந்திக்கு இழுக்கவேண்டும் என்று சொல்லி, தட்டுகளை எடுத்து வைத்தாள். லவினியா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மனசு லேசாக இருந்தது. எனக்குக் கிடைக்காவிட்டாலும் அவளும் எடுத்துக்கொள்ளவில்லை என்கிற நினைப்பால் வந்தது அந்த லேசில் எவ்வளவு என்பதை அவள் தோண்டிப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை, டெட்டின் லாரி காவல் வீட்டு வாசலில் வந்து நின்றது. அம்மாவின் பழைய அலமாரி ஒன்றை எடுத்துப்போக வந்ததாக டெட் சொன்னான். ஹெஸ்டர் கூடவே இறங்கினாள், தேவாலயத்துக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"வின்னி, எனக்கு அது வேணும்."

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

லவினியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வாழ்நாள் பூராவும் அதைக் கிண்டல் பண்ணியவள், கையெழுத்தைக்கூட டிராக்டர் மேல் வைத்துப் போட்டவள், இப்போது தன்னுடையது என்றதும் தேடிக்கொண்டு வருகிறாளா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று ஹெஸ்டருக்குத் தோன்றியிருக்கும்.

"உன்னுதுன்னு நினைச்சுத்தான் சிரிச்சேன்" என்றாள் ஹெஸ்டர். "வீடு, படம், பேரு, எல்லாம் உனக்குத்தான் தெரியும். எவன் எந்தச் சண்டையில செத்தான்னு நீ கடகடன்னு சொல்லுவ. நான் பக்கத்துல நின்னு வேற என்ன பண்றது? சிரிக்கத்தான் முடிஞ்சுது."

ஹெஸ்டர் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு. பன்றி வளர்க்கிறவங்க சங்கத்துல நான் எந்திரிச்சுப் பேசினா, 'உட்காரும்மா, உன் புருஷனைப் பேசச் சொல்லு'ங்கறானுங்க. பார்லிமெண்ட்ல, பிரபு சபையில ஒரு நாற்காலி இருக்குன்னு சொன்னியே. அங்க என்னை யாரும் உட்காருன்னு சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது. ஆனா அந்த நாற்காலி வேணும்னா, நான் முறையாப் பிறந்தவ இல்லைன்னு நீ ஊரறியச் சொல்லணும்."

"தெரியும். அதனாலதான் கேட்க வந்தேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. அலமாரியை ஏத்திக்கிட்டுப் போயிடறேன்."

லவினியா எழுந்து சமையல்கட்டுக்குப் போய் மூன்று பேருக்கும் முட்டை வேகவைத்தாள். வேகிற நேரம் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை சொன்னதில் பாதி அவளுக்கு உறைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றது தான் மட்டும் இல்லை போலும், உள்ளே நின்றவளும் ஏதோ ஒரு கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறாள். முட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாலாவது கெல்டனோட பொண்டாட்டி யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப வழக்கை நீ கெடுத்துக் குட்டிச்சுவராக்கிடுவ. நான்தான் நடத்தணும்."

டெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அலமாரியை எடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டான்.

வழக்கு அடுத்த வருஷம் வெஸ்ட்மின்ஸ்டரில், பிரபுக்கள் குழு ஒன்றின் முன்னால் வந்தது. விட்பி தேவாலயத்துப் பதிவையும், ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆனியின் சாவுச் சான்றையும் தேடி எடுத்தவள் லவினியா. நாலாவது கெல்டனின் மனைவி விஷயத்தில் குழுவிலிருந்த ஒரு நிபுணர் செய்த பிழையை லிண்டாப் காதில் ஓதியவளும் அவளே. நோரா புதுத் தொப்பி வைத்துக்கொண்டு வந்து, உருளைக்கிழங்கு மூட்டை வரைக்கும் ஒன்று விடாமல் சாட்சி சொன்னாள். பிறகு லவினியாவைக் கூப்பிட்டார்கள். தான் பிறந்த தேதி, அந்தத் தேதியில் அப்பாவின் முதல் மனைவி உயிரோடு இருந்தது, எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள். குழுத் தலைவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த கிழவர், முன்னால் குனிந்தார்.

"மிஸ் ஏவரில், நீங்க நிரூபிக்கறதெல்லாம் உங்களுக்கு எதிராவே போகுதுன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது, பிரபுவே. ஆனா நடந்தது அதுதானே."

தீர்ப்பு ஹெஸ்டர் பக்கம் வந்தது. பத்திரிகைகள் இரண்டு நாள் கொண்டாடின. ஒன்று அவள் புகைப்படத்தையும் ஹெஸ்டரின் பன்றி ஒன்றின் புகைப்படத்தையும் அருகருகே போட்டது. பள்ளியில் சில பெற்றோர் முகம் சுளித்ததாகத் தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். லவினியா வகுப்புக்குள் நுழைந்து பாடப் புத்தகத்தைத் திறந்தாள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், உங்க தாத்தா செஞ்சது சட்டப்படி குத்தமா, இல்ல வெறும் கெட்ட காரியமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அன்றைய பாடம் முழுவதும் ஓடிவிட்டது. யாருக்கும் மணியடித்தது காதில் விழவில்லை.

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்த நாளில் லவினியா பார்வையாளர் மாடத்தில் டெட்டின் பக்கத்தில் இருந்தாள். இரவல் வாங்கிய சிவப்பு அங்கி ஹெஸ்டருக்குத் தரையில் புரண்டது. கெல்டன் சீமாட்டி என்று உரக்கக் கூப்பிட்டபோது லவினியா தன்னையறியாமல் எழுந்தாள், பாதியில் உட்கார்ந்தாள். டெட் பார்க்காத மாதிரி இருந்தான். வருஷக் கடைசியில் ஹெஸ்டர் தன் முதல் பேச்சைப் பேசினாள், பன்றிக் காய்ச்சலைப் பற்றி. இருபது நிமிஷம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் விழித்துக் கேட்டார்கள் என்று டெட் ஊரெல்லாம் சொன்னான்.

அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லவினியாவுக்கு முடியவில்லை. அத்தனை விசாரணையிலும் ஆனி ஸ்டாரை எல்லாரும் இரண்டு தேதிகளாகத்தான் பேசினார்கள். கல்யாணத் தேதி, சாவுத் தேதி. நடுவில் அவள் யார்? தான் செத்துவிட்டதாகச் சொல்ல எப்படிச் சம்மதித்தாள்? சாகும்போது அப்படி ஒரு செய்தியை ஏன் சொல்லி அனுப்பினாள்? அதில் வெறுப்பா, கேலியா? கோடை விடுமுறை வந்ததும் லவினியா ஹாலிஃபாக்ஸுக்கு விமானம் ஏறினாள்.

ஆனி செத்தது ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் என்றாலும், பக்கத்திலிருந்த லூனன்பர்க்கில்தான் படகு கட்டும் ஒருவரோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். அவள் மகள் மியூரியல், லவினியாவைவிடச் சில வயது மூத்தவள், அங்கே துறைமுகத்துக்கு மேலே ஒரு மஞ்சள் வீட்டில் இருந்தாள். அகலமான தோள், சத்தமான குரல். இங்கிலாந்திலிருந்து வந்த டீச்சர் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போய் மீன் சூப் ஊற்றிக் கொடுத்தாள்.

லவினியாவின் தாத்தா தன் அம்மாவைத் துரத்தினார் என்று கேட்டபோது மியூரியல் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"யாரு சொன்னா? அந்தக் கிழவர் வாயை மூடிக்கிட்டு விட்பியிலேயே இருன்னுதான் கேட்டாராம். எங்கம்மாதான் கனடா போறேன்னிருக்காங்க. 'செத்துட்டேன்னு சொல்லிடுங்க, இல்லாட்டி அவன் தேடிக்கிட்டு வந்துடுவான்'னு சொன்னதும் அவங்கதான். கிழவர் ஆடிப்போயிட்டாராம்."

"எங்கப்பாவை அவங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சுது. அந்த வீட்டைத்தான் பிடிக்கல. ஒரே ஒரு தடவை வெளியில நின்னு பார்த்தாங்களாம். 'சமையல்கட்டுல இருந்து சாப்பாட்டு மேஜைக்கு நடந்து போறதுக்குள்ள சூப் ஆறிடும்டி, அங்க எவ குடியிருப்பா'ம்பாங்க. செத்த தேதின்னு அந்தக் கிழவர் எதையோ சொல்லியிருக்கார், நவம்பர்ல. வருஷா வருஷம் அன்னிக்கு எங்களுக்குக் கேக் செஞ்சு தருவாங்க. ஒரு தடவை செத்துட்டா அப்புறம் சளிகூடப் பிடிக்காதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

லவினியாவும் சிரித்தாள். பள்ளியில் யாரும் கேட்டறியாத சிரிப்பு. மியூரியல் கரண்டியை வைத்துவிட்டு விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டாள்.

"இருங்க. உங்கப்பா உயிரோட இருந்தார், எங்கம்மாவும் அவரோட பொண்டாட்டியாவே இருந்தாங்க. அப்ப எங்கப்பாவைக் கட்டிக்கிட்டதும் செல்லாது. நானும் உங்கள மாதிரிதானா?"

"அப்படித்தான் வருது."

"ஐம்பது வயசுல இதையும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு." அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. சூப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "அப்ப எங்கம்மாதான் அந்தச் சீமாட்டியா?"

"எங்க தாத்தா போனதுல இருந்து சாகற வரைக்கும். எட்டு வருஷம் கெல்டன் சீமாட்டி அவங்கதான்."

மியூரியல் ஜன்னல் வழியாகக் கீழே துறையைப் பார்த்தாள். அந்த எட்டு வருஷமும் அம்மா அங்கேதான் பனியில் நின்று காட் மீனுக்குக் குடல் எடுத்துக்கொண்டிருந்தாள் என்றாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று லவினியா கேட்டாள்.

"அதை வச்சு மீனுக்கு ரெண்டு காசு கூடக் கிடைக்குமான்னு கேட்டிருப்பாங்க" என்றாள் மியூரியல்.

லவினியா இரண்டு நாள் தங்குவதாகத்தான் வந்திருந்தாள். ஆனியின் அண்ணன் மாத்யூ எப்படிப்பட்டவர், அவள் பேச்சில் விட்பி வாடை கடைசிவரை இருந்ததா, அந்தக் கேக்கில் என்ன போடுவாள் என்று கேட்கக் கேட்க நாள் போயிற்று. மியூரியல் மாடியறையில் படுக்கையைத் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. லவினியா ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, அந்த மாதம் முழுவதும் அங்கேயே இருந்தாள்.